விளையாட்டிலுமா அயன்மை?

ஒரு மக்களினத்தின் உள்ளத்தை அறிய விரும்புவார், அதன் சட்டமன்றத்தையும் கல்விக்கூடத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புதல் போதாது. அம் மக்கள் தம் ஓய்வு நாளில் எங்குச் செல்கின்றனர், எதைக் கண்டு வியக்கின்றனர், எதற்கு அஞ்சிக் கூவுகின்றனர், எந்த மொழியில் சிரிக்கின்றனர் என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். பள்ளியிற் கற்பது மூளையில் தங்கும்; களிப்பிற் கற்பதோ குருதியிற் கலக்கும். ஆசிரியர் பன்முறை சொல்லியும் நில்லாத சொல், ஆடுகளத்தில் ஒருமுறை கேட்ட அளவிலேயே குழந்தையின் நாவில் ஒட்டிக்கொள்கின்றது.

ஆட்சியில் தமிழ், கல்வியில் தமிழ், வழிபாட்டில் தமிழ், முறைமன்றத்தில் தமிழ் என்று நெடுங்காலமாக முழங்கி வருகின்றோம். அம் முழக்கங்கள் யாவும் தேவையானவையே. ஆயின், ஆட்டத்தில் தமிழ் வேண்டும் என்று எவரும் முழங்கக் காணோம். பொழுதுபோக்குத்தானே என்று அத்துறையை எளிதாகத் தள்ளிவிட்டோம். நாம் தள்ளிய இடத்தில் அயன்மை வந்து அமர்ந்து கொண்டது.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரச் சாலையிலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பெருகி வருகின்றன. பல நூறு கோடி உருவா அவற்றிற் கொட்டப்படுகின்றது. பல்லாயிரம் தமிழ்க் குழந்தைகள் பள்ளி வண்டிகளில் அங்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே தமிழர்க்கு என்ன இருக்கின்றது? தமிழுக்கு என்ன இருக்கின்றது? இவ் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் ஆடிய ஆட்டம்

பொறிகளைக் கொண்டு களிப்பூட்டும் பூங்கா என்பது மேலையர் கண்டு தந்த புதுமை என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். மணிமேகலையை ஒருமுறை புரட்டுவார் அவ்வாறு எண்ணார். புகார் நகரத்து அரசனின் சோலையைச் சாத்தனார் காட்டுமிடத்து, பொறியால் இயங்கும் கிணறும், கல்லடுக்கிச் செய்த குன்றும், வந்து வீழும் அருவியும், நீரை மறைத்து வைத்த கேணியும், ஒளிந்து விளையாடுதற்குரிய மறைவிடங்களும், பளிங்காலாகிய அறையும் வரிசையாக வருகின்றன. இன்று கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டப்படும் செயற்கைக் குன்றும் செயற்கை அருவியும் இவற்றின் வழிவந்தவை போன்றே தோன்றுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு: அன்று அவை அரசனுக்கு உரியவை, இன்று கட்டணம் கட்டுவார் எவர்க்கும் உரியவை. இவ் வளர்ச்சியை நாம் வரவேற்கின்றோம்.

அரசன் சோலைக்கு வெளியே பொதுமக்கட்கும் களிப்புக் குறைவில்லை. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரை மக்கள் ஆடிய நீராட்டைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஊசலாடும் மகளிர்க்கென்று ஊசல்வரியையே சிலப்பதிகாரம் வகுத்து வைத்தது. பிற்காலத்தும், தேர்த் திருவிழாவிலும் சந்தைத் திடலிலும் குடையிராட்டினக்காரரும் பாவைக்கூத்தரும் பொய்க்கால் குதிரையாட்டக்காரரும் மக்கள் மொழியிலேயே கூவி அழைத்தனர். மக்கள் கதையையே ஆடிக் காட்டினர். அக் களிப்புகட்கு நிலம் இருந்தது, பருவம் இருந்தது, பாட்டு இருந்தது, எல்லாவற்றிற்கும் மேலாகத் தமிழ்ப்பெயர் இருந்தது.

வளையாத மக்கட்கு வணிகன் வளைவான்

இனி, இத் துறையில் பிற நாட்டார் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைப் பார்ப்போம். அதன்பின் நம் நிலையை நோக்கின் உண்மை தானே விளங்கும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், அனகைம் என்னும் ஊரில், 1955 சூலை 17-ஆம் நாள் வால்ட்டு டிசுனி என்பார் தம் பூங்காவைத் திறந்தார். அதன் வாயிலைக் கடந்தவுடன் வருவது ஒரு கடைத்தெரு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றன் தெரு எவ்வாறிருந்ததோ அவ்வாறே அது கட்டப்பட்டது. உலகையே தன்பால் ஈர்த்த அப் பூங்கா, முதலில் தன் மக்களின் பாட்டனும் பூட்டனும் நடந்த தெருவைத்தான் காட்டிற்று என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அதே நிறுவனம் பிற நாடுகளில் கால்வைத்தபோது என்ன செய்தது? 1992 ஏப்பிரல் 12-ஆம் நாள் பாரிசு நகருக்கு அருகே ஒரு பூங்கா திறந்தது. அமெரிக்காவில் 'நாளைய நாடு' என்றிருந்த பகுதி, பாரிசில் சூல் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் அறிவியற் புனைவுகளைத் தழுவி மாற்றியமைக்கப்பட்டது. நடுவில் நிற்கும் கோட்டைக்குப் பிரெஞ்சுப் பெயரே இடப்பட்டது. ஆயினும் ஒரு பிழை செய்தனர்: தம் ஊர் வழக்கப்படிப் பூங்காவினுள் தேறல் விற்பதில்லை என்றனர். உணவோடு கொடிமுந்திரித் தேறல் அருந்துதல் பிரெஞ்சு மக்களின் நெடுநாள் வழக்கு. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, இழப்பு மிகுந்தது. மறு ஆண்டே, 1993-இல், அத் தடை நீக்கப்பட்டது. தேறல் நல்லதா தீயதா என்பதன்று இங்குக் கேள்வி. மக்கள் தம் வழக்கில் நின்றனர். மாபெரு நிறுவனம் இறங்கி வந்தது என்பதே செய்தி. பிரெஞ்சு அரசும் வாளாவிருக்கவில்லை. பொதுவிடத்து அறிவிப்பிலும் விளம்பரத்திலும் பணி ஒப்பந்தத்திலும் பிரெஞ்சு மொழி இருந்தே தீரவேண்டும் என்று 1994-இல் சட்டம் செய்தது.

ஆங்காங்கில் 2005-இல் திறந்த பூங்காவிற்குச் சீனரின் மனையடிக் கொள்கை வல்லாரைக் கலந்துகொண்டு, முகப்பு வாயிலைப் பன்னிரண்டு பாகை திருப்பி வைத்தனர். அக் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. மக்களின் கருத்தை மதித்த முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பூங்காவில் பேய்வீடு என்று ஒன்று உண்டு. செத்தார் ஆவிகள் அங்கே நகையாட்டுப் பொருள்கள். முன்னோர் ஆவியைப் போற்றி வணங்கும் சீனர்க்கு அது நகைப்பாகாது. ஆகவே 2013-இல் ஆங்காங்கில் அதற்கு மாற்றாக வேறொரு மாளிகையை எழுப்பினர். பழம்பொருள் திரட்டும் ஒருவரும் அவருடைய குரங்கும், அக் குரங்கு திறந்துவிடும் ஓர் இசைப்பெட்டியுமே அதன் கதை. ஆவி என்ற பேச்சே அதில் இல்லை. 2016 சூன் திங்களில் சாங்காயில் திறந்த பூங்காவிலோ அமெரிக்கக் கடைத்தெருவையே நீக்கிவிட்டனர். அவ்விடத்தில் தோட்டங்களை அமைத்து, சீன ஆண்டுமுறைக்குரிய பன்னிரண்டு விலங்குகளையும் அங்கே பதித்து வைத்தனர்.

இவ்வளவும் அந் நிறுவனம் பிரெஞ்சியர் மீதும் சீனர் மீதும் கொண்ட அன்பினாற் செய்தது என்று எண்ணுதல் பேதைமை. வருவாய் கருதிச் செய்தது. வளையாத மக்கட்கு வணிகன் வளைவான். வளைந்து கிடக்கும் மக்களின் முதுகின்மேல் ஏறி நடப்பான். எங்கெங்கும் இதுவே நெறி.

தம் கதையைத் தாமே சொல்வோர்

வந்தவனை வளைத்துக்கொண்டோர் இவர்கள். வருவான் ஒருவனுக்குக் காத்திராமல் தம் பூங்காவைத் தாமே படைத்துக்கொண்டோரும் உளர்.

நெதர்லாந்து சிறிய நாடு. அங்கே எப்தலிங்கு என்னும் பூங்கா 1952-இல், அதாவது டிசுனியின் பூங்காவிற்கு மூன்றாண்டு முன்பே, தன் கதைக்காட்டைத் திறந்தது. பாட்டிமார் சொல்லும் கதைகளை மரஞ்செடிகளுக்கிடையே வீடுகளாகவும் பாவைகளாகவும் அமைத்துக் காட்டுவதே அதன் சிறப்பு. அந்தோன் பீக்கு என்னும் அந்நாட்டு ஓவியர் அவற்றை வரைந்து கொடுத்தார். அங்கே குப்பைத்தொட்டியும் ஒரு கதைமாந்தன். பெருவயிற்றுத் தின்னி ஒருவனின் உருவம் வாயைத் திறந்துகொண்டு, 'தாள் இங்கே, தாள் இங்கே' என்று அந்நாட்டு மொழியில் கெஞ்சும். குழந்தைகள் குப்பைத்தாளைத் தேடி எடுத்து அதன் வாயிலிடும். குப்பை போடாதே என்னும் அறிவுரையை எந்தப் பலகையும் அத்துணை இனிமையாகச் சொல்லிவிட முடியாது. அது தாய்மொழியிற் பேசுவதால் அன்றோ குழந்தை அதற்குச் செவிசாய்க்கின்றது!

பிரெஞ்சு நாட்டின் மேற்கே வாந்தே என்னும் பகுதியில் 1978-இல் ஓர் இரவுக் காட்சி தொடங்கிற்று. பாழடைந்த கோட்டை ஒன்றன் முன் தம் ஊரின் வரலாற்றை ஊர்மக்களே நடித்துக் காட்டினர். புயி து பூ என்று பெயர் பெற்ற அவ்விடம் பெரும் பூங்காவாக வளர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் ஊதியம் பெறாமலேயே அவ் விரவுக் காட்சியில் பங்கு கொள்கின்றனர். அமெரிக்க எலியும் வாத்தும் அங்கு இல்லை.

நமக்கு அணித்தாகிய சிங்கப்பூரிலும் ஒரு பாடம் உண்டு. வலி மருந்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய ஓ பூன் ஓ என்னும் சீன வணிகர் 1937-இல் தம் தோட்டத்தில் சீனக் கதைகளையும் அறங்களையும் சுதையுருவங்களாக்கி வைத்தார். அளற்றின் பத்து முறைமன்றங்கள் அதில் புகழ்பெற்ற பகுதி. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இன்ன தீமைக்கு இன்ன ஒறுப்பு என்று காட்டித் திருத்தினர். 1990-இல் அதனை அமெரிக்கப் பூங்காக்களின் சாயலில் மாற்றி, புதிய ஆட்டங்களை நுழைத்து, மிகுந்த கட்டணமும் வைத்தனர். நெடுநாள் நிற்கவில்லை, கூட்டம் குறைந்து இழப்பே எஞ்சியது. பின்னர்த் தோட்டம் மீண்டும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. தன்னிடத்து இருந்த உயிரை விட்டுவிட்டுப் பிறனுடைய உடையை மாட்டிக்கொண்டதன் பயன் அது.

நம் கடற்கரைச் சாலை

இக் கண்ணோடு நம் சென்னைக்குத் திரும்புவோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.சி.பி. நிறுவனத்தார் அமைத்த தங்கக் கடற்கரை, இத்தகைய பூங்காக்களுள் மூத்தது. அங்கே மக்களை மிகவும் ஈர்த்தது எந்தப் பொறியும் அன்று. அரண்மனைக் காவலன் கோலத்தில் இமையும் அசையாமல் நிற்கும் 'சிலை மாந்தரே'. அவரைச் சிரிக்கவைக்கத் தமிழ் மக்கள் செய்த குறும்பும் சொன்ன சொல்லுமே அங்குக் காட்சியாயின. காண வந்தவரே நடிப்பவரும் ஆயினர். கூத்தாடியோடு எதிர்வாதமிடும் நம் தெருக்கூத்து அவையின் இயல்பு அதுவேயன்றோ! பேரளவு முதலிட்டுக் கொணர்ந்த பொறிகட்கு வாய்க்காத வெற்றி, நம் மக்களின் இயல்பறிந்த அவ் வெளிய ஆட்டத்திற்கு வாய்த்தது. அக் குடும்பத்துச் சந்தோசம் அவர்கள் திருவள்ளுவர் சிலைகளை உலக நாடுகள் பலவற்றிற்கும் அனுப்பிய தமிழன்பர். வள்ளுவரைக் கடல் கடந்து அனுப்பிய அவ் வன்பு, கடற்கரைப் பூங்காவின் பெயரை 'யுனிவர்சல் கிங்டம்' என்பதினின்று மீட்டிருக்கலாகாதா என்று கேட்பது நம் உரிமை.

தாம்பரத்தை அடுத்து 1995-இல் தோன்றிய பூங்காவிற்குக் 'கிட்கிந்தா' என்று பெயரிட்டனர். தென்னாட்டு மக்களைக் குரங்கினமாகக் காட்டிய வடவர் காப்பியத்தில் அக் குரங்கினத்தின் தலைநகராகச் சொல்லப்படுவது அது. அப் பெயரைத் தமிழ்க் குழந்தைகள் ஆடும் திடலுக்கு இட்டதையும், நாம் அதனைக் கூசாமல் சொல்லிப் பழகியதையும் என்னென்பது!

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற ஓரிடம் நம் பாராட்டுக்கு உரியது. செட்டிநாட்டு வீடு முதலாகத் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொணர்ந்து, மீண்டும் பொருத்தி நிறுத்தியுள்ளனர். குயவரும் நெசவரும் அங்கே தொழில் செய்து காட்டுகின்றனர். திண்ணையில் அமர்ந்து முற்றத்தை நோக்கும் குழந்தைக்குத் தன் பாட்டன் வாழ்ந்த வாழ்வு தெரிகின்றது. அனகைம் பூங்கா தன் தெருவைக் காட்டியதும் இதுவும் ஒரே வகைப் பணியே. ஆயினும் அதன் பெயர் 'தட்சிணசித்ரா'. உள்ளே முழுவதும் தென்னாடு. வாயிலில் மட்டும் வடமொழி!

அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. பெங்களூரிலும் கொச்சியிலும் பூங்கா நடத்தி வரும் வொண்டர்லா நிறுவனம், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 600 கோடி உருவாவிற்கு மேல் செலவிட்டு ஒரு பூங்காவை 2025 திசம்பரில் திறந்தது. தமிழகக் கட்டடக் கலையின் சாயலில் கட்டியுள்ளதாக விளம்பரமும் செய்தனர். அம் முயற்சியை நாம் பழிக்கவில்லை. வருவோர் தமிழர் என்னும் நினைவாவது வந்ததே என்று மகிழ்கின்றோம். ஆனால், தலைகீழாய்ச் சுழன்றோடும் அதன் பெரிய ஊர்திக்கு இட்ட பெயரைக் கேளுங்கள்: 'தஞ்சோரா'. தஞ்சாவூர் என்னும் தமிழ்ப்பெயரை வெள்ளையர் தம் நாவிற்கு வளையாமையால் 'டாஞ்சோர்' என்று சிதைத்தனர். அச் சிதைவின் வாலில் மேலும் ஓர் ஒலியை ஒட்டிப் புதுப்பெயர் ஆக்கியுள்ளனர். பெருவுடையார் கோயிலை எழுப்பிய ஊரின் பெயர், அவ்வூர் மக்களுக்கே விளங்காத ஒலியாகித் தமிழகத்திற்கே திரும்பி வந்துள்ளது. முகப்பிற் கோபுரச் சாயல் வைத்தல் எளிது. நாவிற் தமிழ்ப்பெயர் வைத்தலன்றோ அரிதாகிவிட்டது!

தரமணியில் இருப்பதும் இல்லாததும்

இக் குறையைத் தீர்க்கும் ஆற்றல் நம்மிடம் இல்லையா? இருக்கின்றது. அதுவும் ஓரிடத்திலேயே இருக்கின்றது. அவ்விடம் தரமணி.

தரமணி என்றவுடன் இன்றைய இளைஞர்க்கு நினைவிற்கு வருவன கணினித் தொழிற்கூடங்களே. 2000-ஆம் ஆண்டில் அங்கெழுந்த பன்னடுக்குக் கட்டடத்திற்கு 'டைடல் பூங்கா' என்று பெயர். பூவும் இல்லை, காவும் இல்லை, பெயரில் மட்டும் பூங்கா. ஆயின் அக் கட்டடத்திற்கு முன்னரே, 1994-இல், செல்வி செயலலிதா முதலமைச்சராயிருந்த காலத்தில், தரமணியில் அரசே ஒரு திரைப்பட நகரை அமைத்தது. முதலில் அவர் பெயரையும் பின்னர் ம.கோ.இரா. பெயரையும் அது தாங்கியது. படப்பிடிப்பிற்கான பலவகைக் காட்சியமைப்புகளை ஒரே வளாகத்தில் வைத்திருந்த அந்நகரைக் காணப் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் சென்றனர். அரசு தமிழ் மக்கட்கென்று கட்டிய பொழுதுபோக்கு இடம் அதுவே என்னலாம். 1996-இல் ஐதராபாத்துக்கு அருகே தோன்றிய இராமோசி திரைப்பட நகர் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் பரந்து, உலகச் சுற்றுலாவினர் தேடிவரும் இடமாக வளர்ந்துவிட்டது. இரண்டாண்டு முன்பிறந்த தரமணி நகரோ பொலிவிழந்தது.

பொலிவிழந்தது இடமேயன்றிக் கலையன்று. தரமணியிலேயே, 1945-இல் தொடக்கம் கொண்ட அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கின்றது. சுதையும் மூங்கிலும் பலகையும் துணியும் கொண்டு சில நாளில் ஓர் அரண்மனையையே எழுப்பும் தச்சரும் ஓவியரும் கலை இயக்குநரும் தமிழ்த் திரையுலகில் நிறைந்துள்ளனர். மும்பைக்கும் பூனாவிற்கும் இடையே 2013-இல் திறந்த பூங்காவில், 'மிசுட்டர் இந்தியா' என்னும் இந்திப் படத்தை வைத்து ஓர் ஆட்டமே அமைத்தனர். அத்தகைய ஓர் ஆட்டத்திற்கு ஏற்ற தமிழ்ப்படம் ஒன்றுகூடவா நம்மிடம் இல்லை?

இனித் தரமணியின் மற்றொரு செல்வத்தைக் காண்க. 1970-இல் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அங்குள்ளது. அதன் வளாகத்திலேயே 'பழந்தமிழர் வாழ்வியல் காட்சிக்கூடம்' 2016-இல் திறக்கப்பெற்றது. தொல்காப்பியர், திருவள்ளுவர், கபிலர், ஔவையார், இளங்கோவடிகள் பெயர்களால் அரங்குகள் வகுத்து, ஓவியமும் படிமமுமாகத் தமிழர் வாழ்வை அங்கே காட்டியுள்ளனர். எத்தனை பள்ளிகள் தம் சுற்றுலாப் பட்டியலில் இக்கூடத்தைச் சேர்க்கின்றன? நம் அன்பர்களுள்ளேயே எத்தனை பேர் தம் பிள்ளைகளுடன் சென்று கண்டுள்ளனர்?

மூங்கிலும் வண்ணமும் அறிந்தோர் ஒருபுறம். சொல்லும் பொருளும் அறிந்தோர் மறுபுறம். இருவருக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவே உண்டு. ஆயினும் இருவரும் கூடிக் குழந்தைகட்கென்று ஒன்றைப் படைக்கவில்லை. படங்காட்டுவோரிடம் தமிழர் வாழ்வு இல்லை. தமிழர் வாழ்வை வைத்திருப்போரிடம் ஆட்டம் இல்லை. தரமணியில் எல்லாம் இருக்கின்றன. இணைப்பு ஒன்றே இல்லை.

மூன்று மறுப்புகள்

இவ்வாறு சொன்னால் மூன்று மறுப்புகள் எழும். அவற்றை மறைக்காமல் எடுத்து ஆராய்வோம்.

'பொறிக்கு மொழி ஏது? சுழல்வது எங்கும் ஒரேபோற் சுழலுமன்றோ?' என்பது முதல் மறுப்பு. பொறிக்கு மொழி இல்லை. அதில் ஏறுவோர்க்கு உண்டு. 'கையை வெளியே நீட்டாதே, இடைவாரைக் கழற்றாதே' என்பதை ஆங்கிலத்தில் மட்டும் ஒலித்தால், சிற்றூரிலிருந்து வந்த ஆத்தாளுக்கும் அவள் பேரனுக்கும் அஃது எவ்வாறு விளங்கும்? அங்கே மொழி வெறும் பற்று அன்று, உயிர்க்காப்பு.

'சப்பானியரைப் பாருங்கள், அவர்கள் அமெரிக்கப் பூங்காவை அப்படியே கேட்டுப் பெற்றார்களே!' என்பது இரண்டாம் மறுப்பு. உண்மைதான். 1983 ஏப்பிரல் 15-ஆம் நாள் தோக்கியோவில் திறந்த பூங்கா பெரிதும் அமெரிக்கப் பூங்காவின் படியே. அயல்நாட்டை அயல்நாடாகவே காணும் ஆவல் அம் மக்கட்கு இருந்தது. அவ் வாவல் குற்றமன்று. நமக்கும் அது வேண்டும். ஆனால், அப் பூங்காவைக் கட்டி உடைமையாக வைத்திருப்பது சப்பானிய நிறுவனம். அமெரிக்கர் உரிமம் மட்டுமே தந்தனர். படகில் ஏறினால் படகோட்டி சப்பானிய மொழியிலேயே கதை சொல்கின்றான். மழையில் மக்கள் நனையாதிருக்கக் கடைத்தெருவிற்குக் கண்ணாடிக் கூரையும் வேய்ந்தனர். சப்பானியர் அயல்கதையை விருந்தாக அழைத்தனர். வீட்டை அதற்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை.

'தமிழ்ப் பழமையைக் காட்டினால் எவர் வருவார்? பூம்புகாரைப் பாருங்கள்' என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே நம்மை நாணவைப்பது. 1973-இல் பூம்புகாரில் எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. கண்ணகி வரலாறு முழுவதையும் மாமல்லபுரச் சிற்பிகள் கல்லில் வடித்தனர். 1976-இல் சென்னையில் வள்ளுவர் கோட்டம் திருவாரூர்த் தேரின் வடிவில் எழுந்தது. இரண்டும் பெரும்பணிகள், இரண்டும் பல்லாண்டு பேணலின்றி மங்கின. வள்ளுவர் கோட்டம் 2025-இற்றான் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திறந்தது. ஏன் இந்நிலை? நாம் கல்லை நிறுத்தினோம், கதையை ஆடவில்லை. குழந்தை கண்ணகியைக் கண்டது; கண்ணகி குழந்தையோடு பேசவில்லை. தொட்டுப்பார், ஏறிப்பார், இழுத்துப்பார் என்று ஒன்றும் இல்லை; தொடாதே என்னும் பலகை மட்டும் இருந்தது. குறை தமிழினுடையது அன்று. தமிழைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நம்முடையது.

செய்ய வேண்டியவை

தமிழிற் பெயரிட முடியாத ஆட்டம் உலகில் ஒன்றும் இல்லை. நன்னூலார் நூற்பாக்களின் தொடர்புக்கு நான்கு பெயர்கள் தந்தார்: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. எழுநூறு எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர் இலக்கணத்திற்கு இட்ட பெயர்கள் இவை. இன்று எந்தப் பூங்காவிலும் இந்நான்கும் இருக்கின்றன! மெல்ல மிதந்து செல்லும் நீர்வழி ஆற்றொழுக்கு. முன்னும் பின்னும் சுழன்று நோக்கும் உயர்மாடம் அரிமாநோக்கு. தாவித் தாவிச் செல்லும் இருக்கை தவளைப்பாய்த்து. உச்சியினின்று செங்குத்தாய் இறங்குவது பருந்தின் வீழ்வு. பருந்தின் வீழ்வில் ஒருமுறை கத்திக்கொண்டே இறங்கிய சிறுவனுக்கு அவ் விலக்கணத்தை ஆசிரியர் வகுப்பில் விளக்கவேண்டிய தேவையே இராது.

ஆகவே, அரசும் பூங்கா நடத்துவோரும் தமிழன்பரும் செய்யத்தக்கவை இவை:

1. கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு முதலிடமும் பேரிடமும் தரும் 5:3:2 என்னும் அளவு முறை நம்மிடம் உண்டு. அதனை வாயிற்பலகையோடு நிறுத்தாமல், பூங்காவினுள் ஒவ்வோர் ஆட்டத்தின் பெயருக்கும் விரித்தல் வேண்டும்.

2. காப்புக்குரிய அறிவிப்புகள் யாவும் முதலில் தமிழில் ஒலித்தல் வேண்டும். இதற்கு எவர் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒலிவாங்கியைப் பிடிக்கும் தமிழன் வாய்திறந்தாற் போதும்.

3. தரமணியில் திரைக்கலைஞரும் தமிழாராய்ச்சியாளரும் கூடி, ஐந்திணை ஆடுகளம் ஒன்றைச் சிறிய அளவிலேனும் அமைத்தல் வேண்டும். குறிஞ்சியில் பரணேறிக் கிளியோட்டலாம், முல்லையில் பாரியின் தேரைக் கொடிப் பந்தரில் நிறுத்தலாம், மருதத்தில் புதுப்புனலாடலாம், நெய்தலில் கட்டுமரத்தில் அலை தாண்டலாம், பாலையில் ஆறலைப்போர்க்கு அஞ்சி இருளில் வழி கடக்கலாம். இதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து பொறி தருவிக்க வேண்டுவதில்லை.

4. பள்ளித் தலைவர்கள், ஆண்டிற்கொருமுறை பூங்காவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அதே வழியிலுள்ள தரமணிக் காட்சிக்கூடத்தையும் ஒரு மணிப்பொழுது காட்டுதல் வேண்டும்.

5. நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பூங்காவிற்குச் செல்வோர் அதன் பொறுப்பாளரிடம், 'இதன் பெயர் தமிழில் என்ன?' என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டல் வேண்டும். ஒருவர் கேட்டால் நகைப்பார்கள். நூற்றுவர் கேட்டால் எழுதி வைப்பார்கள். ஆயிரவர் கேட்டால் மாற்றுவார்கள். பாரிசு மக்கட்கு வளைந்த வணிகம் தமிழர்க்கு வளையாது போகாது.

பூங்காக்கள் மூடப்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அயல்நாட்டுப் பொறி வேண்டா என்றும் சொல்லவில்லை. உழைத்துக் களைத்த நம் மக்கள் ஒருநாள் மகிழ்ந்திருக்கட்டும், உரக்கக் கத்தட்டும், நீரில் திளைக்கட்டும். அம் மகிழ்ச்சி அவர்தம் சொந்த மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அச்சத்தில் 'அம்மா!' என்று தமிழிற் கூவும் குழந்தை, இறங்கி வந்தபின் தன் தாயிடம் அதனைத் தமிழிலேயே சொல்லத்தக்க ஒரு பெயரைக் கொடுங்கள். அது போதும், அங்கிருந்து தொடங்குவோம்.